உப்பு வீடுகளைக் கடந்து சென்ற இப்னு பதூதா

இப்னு பதூதா என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் இல்லங்களில் தில்லியும் மாலத்தீவும் மதுரையும் நினைவுக்கு வருவது இயல்பே. தில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காஜியாக வீற்றிருந்தவர். மாலத்தீவில் தீர்ப்பு வழங்கியவர். மதுரை சுல்தானியத்தை நிறுவிய ஷரீஃப் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளை மணந்த உறவால் 1344ஆம் ஆண்டளவில் நம் சோழமண்டலக் கரையிலும் காலடி பதித்தவர். இவையெல்லாம் பலரும் பலமுறை எழுதியவை. ஆனால் அவர் ஐம்பது வயதை நெருங்கிய வேளையில், இனி எங்கும் போகமாட்டார் என்று சுற்றத்தார் நம்பியிருந்த காலத்தில், ஸஹாரா என்னும் பெரும்பாலையைக் கடந்து மாலிப் பேரரசைக் காணச் சென்றதைப் பற்றி நம்மிடையே பேசுவோர் குறைவு. அவருடைய பயணங்களில் அதுவே கடைசியானது. வரலாற்றுக்கு மிகவும் பயன்பட்டதும் அதுவே என்பது என் கருத்து. அப்பயணத்தில் அவருடைய குணத்தின் குறையும் நிறைவும் ஒருங்கே வெளிப்பட்டன.

ஹிஜ்ரி 703 ரஜப் பிறை 17இல் (கி.பி. 1304 பிப்ரவரி) மொரோக்கோவின் தஞ்சா நகரில், லவாத்தா என்னும் பர்பர் குலத்தில், காஜிகள் பலரைத் தந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். மாலிக்கி மத்ஹபின் சட்டநூல்களை ஓதித் தேர்ந்தார். ஹிஜ்ரி 725 ரஜப் மாதம் (1325 ஜூன்) ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றவும், மதீனா மாநகரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ரவ்லாவை ஜியாரத் செய்யவும், துணையாக ஒருவருமின்றித் தனியே புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிந்த துயரம் தம்மை வாட்டியதைப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். ஹஜ்ஜோடு திரும்பியிருக்க வேண்டிய இளைஞர் 24 ஆண்டுகள் திரும்பவில்லை. எகிப்து, ஷாம், இராக், பாரசீகம், யமன், கிழக்காப்பிரிக்கக் கரை, துருக்கியர் நாடு, வோல்கா ஆற்றங்கரை, இந்தியா, இலங்கை, வங்காளம், சுமத்ரா, சீனம் என்று அவருடைய பாதை நீண்டுகொண்டே போயிற்று.

1348இல் திமஷ்குக்குத் திரும்பியபோது, தந்தையார் வபாத்தாகிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன என்ற செய்தி கிடைத்தது. அப்பொழுது கொள்ளைநோய் உலகை அழித்துக்கொண்டிருந்தது. தாயாரையேனும் காண்போம் என்று விரைந்து வந்தவருக்கு, ஊரை அடையும் முன்பே, அந்நோயில் தாயாரும் மரணமடைந்த செய்தி வந்தது. தஞ்சாவுக்குச் சென்று கப்ரை மட்டுமே கண்டார். உலகம் முழுவதும் சுற்றியவருக்கு வீட்டில் காத்திருந்தது ஒரு மண்மேடு. ஊரில் தங்க அவர் மனம் ஒப்பாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன். சிறிது காலம் அந்தலூஸுக்குச் சென்று கிரனாடாவைப் பார்த்து வந்தார். பின்னர் ஃபாஸ் நகரில் மரீன் வமிசத்துச் சுல்தான் அபூ இனானிடம் விடைபெற்றுத் தெற்கு நோக்கிப் புறப்பட்டார்.

அக்காலத்து அரபிகள் ஸஹாராவுக்குத் தெற்கே உள்ள நிலம் முழுவதையும் பிலாதுஸ் ஸூதான், அதாவது கருநிறத்தார் நாடு, என்று அழைத்தனர். இன்று ஸூதான் எனப்படும் நாட்டோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. வட ஆப்பிரிக்கச் சந்தைகளுக்குப் பொன் அங்கிருந்தே வந்தது. 1324இல் மாலியின் அரசர் மன்ஸா மூஸா ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் காஹிராவில் வாரி இறைத்த பொன்னால் அங்குத் தங்கத்தின் விலையே வீழ்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் விலை பழைய நிலைக்கு மீளவில்லை என்று அறிஞர் அல் உமரி எழுதி வைத்தார். ஆனால் அல் உமரி மாலியைக் கண்டவரல்லர். பிறர் சொல்லக் கேட்டு எழுதியவர். பொன்னைக் கண்டவர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அப்பொன் வந்த நாட்டின் மக்கள் எப்படி வாழ்கின்றனர், எதைச் சொல்லித் தம் முன்னோரை நினைவுகூர்கின்றனர் என்று நேரிற் கண்டு எழுதியவர் ஒருவருமில்லை.

பாலையின் வடக்கு வாசலாகிய ஸிஜில்மாஸாவில் அவர் அபூ முஹம்மது அல் புஷ்ரீ என்னும் மார்க்க அறிஞரின் வீட்டில் தங்கினார். சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சீன நாட்டில் தமக்கு உபசாரம் செய்த புஷ்ரீயின் உடன்பிறந்தவரே இவர் என்பதை அங்கே அறிந்து வியந்தார். ஒருவர் சீனத்தில், மற்றவர் பாலையின் விளிம்பில்! அண்ணன் தம்பி இருவரையும் நேரிற் கண்ட விருந்தாளி இவராகவே அமைந்தார். அங்கு ஒட்டகங்களையும் நான்கு மாதத்திற்கு வேண்டிய தீவனத்தையும் வாங்கிக்கொண்டு, ஹிஜ்ரி 753 முஹர்ரம் முதல் பிறையில் (1352 பிப்ரவரி) வணிகர் கூட்டத்தோடு புறப்பட்டார்.

இருபத்தைந்து நாள் நடந்தபின் தகாஸா வந்தது. அவ்வூரில் மரமில்லை; மணலும் உப்பும்தான். வீடுகளின் சுவர் உப்புப் பாளம். பள்ளிவாசலின் சுவரும் உப்புப் பாளமே. கூரை ஒட்டகத் தோல். பூமியைத் தோண்டினால், யாரோ அறுத்து அடுக்கி வைத்தாற்போல, பெரும் பெரும் உப்புப் பலகைகள் ஒன்றன்மேலொன்றாகக் கிடக்கும். மஸூஃபா குலத்தாரின் அடிமைகள் அவற்றை வெட்டியெடுப்பர். இரண்டு பலகை ஓர் ஒட்டகச் சுமை. ஒரு சுமை வலாத்தாவில் எட்டு முதல் பத்து மிஸ்கால் பொன்னுக்கும், மாலித் தலைநகரில் இருபது முதல் முப்பது, சில வேளை நாற்பது மிஸ்காலுக்கும் விலைபோகும். (மிஸ்கால் என்பது நாலேகால் கிராம் அளவுள்ள எடை.) தெற்கே உப்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் காசாகவே கொடுத்து வாங்குவர். அந்த அடிமைகளோ, வடக்கிலிருந்து பேரீச்சம்பழமும் தெற்கிலிருந்து கம்பும் வந்தால் ஒட்டக இறைச்சியோடு சேர்த்து உண்பர். பொன்னாட்டின் செல்வம் அவர்களுடைய முதுகின்மேல் நின்றதென்று சொல்லலாம். உவர்நீரைக் குடித்து ஈக்களோடு போராடிப் பத்து நாள் அங்கு கழித்தார் இப்னு பதூதா. தாம் கண்ட இடங்களில் ஈ மிகுந்த இடம் அது என்று குறித்தார்.

அதன்பின் பத்து நாள் நீரற்ற வழி. அவ்வாண்டு அல்லாஹ்வின் அருளால் மழை பெய்து குழிகளில் நீர் தேங்கியிருந்ததால் பிழைத்தனர். ஆயினும் பாலை தன் பங்கை விடவில்லை. கூட்டத்தில் இப்னு ஸீரி என்பவர் தம் மாமன் மகனோடு சொற்போரிட்டுப் பின்தங்கினார், வழி தவறினார், தேடியும் கிடைக்கவில்லை. அதுவரை கூட்டத்திற்கு முன்னே சென்று விளையாட்டாக ஒட்டகத்தை மேயவிட்டுக்கொண்டிருந்த இப்னு பதூதா, அன்றுமுதல் முன்னும் செல்லவில்லை, பின்னும் தங்கவில்லை. இன்னோரிடத்தில், சிறு புதரின் நிழலில், ஆடையணிந்து கையிற் சாட்டையோடு ஒருவர் தாகத்தால் இறந்து கிடக்கக் கண்டனர். நீர் அவரிடமிருந்து ஒரு மைல் தொலைவில்தான் இருந்தது.

அந்த வழியில் தக்ஷீஃப் என்று ஒருவர் உண்டு. மஸூஃபா குலத்தவரான அவரை வணிகர் கூட்டம் கூலிக்கு அமர்த்தும். அவர் தன்னந்தனியே முன்னதாகச் சென்று வலாத்தா நகரத்தாரிடம் கடிதங்களைக் கொடுப்பார். நகரத்தார் நீரைச் சுமந்துகொண்டு நான்கு நாள் வழி எதிர்கொண்டு வருவர். தக்ஷீஃப் வழியில் மடிந்தால் கூட்டம் வருவதை நகரம் அறியாது, கூட்டமும் மடியும். இவர்கள் நூறு மிஸ்காலுக்கு அமர்த்திய வழிகாட்டிக்கு ஒரு கண் குருடு, மற்றொரு கண் நோயுற்றது. பாதையை அவரைப்போல் அறிந்தவர் எவருமில்லை! ஏழாம் இரவு, தொலைவில் எதிர்கொள்ள வந்தோரின் தீ தெரிந்தபோது கூட்டமே மகிழ்ந்தது.

இரண்டு மாதத்துக்குப் பின் வலாத்தாவை அடைந்தனர். இன்று அது மௌரித்தானியாவில் உள்ள சிற்றூர். அன்று மாலிப் பேரரசின் வடகோடி நகரம். இங்கேதான் நம் பயணியின் மனக்கசப்புத் தொடங்கிற்று. மன்னரின் பிரதிநிதி ஃபர்பா ஹுஸைன் வணிகர்களை நிற்க வைத்துத் தாம் அமர்ந்திருந்தார்; அவர்கள் அருகிலேயே நின்றும், இடையில் ஒருவரை வைத்து அவர் வழியாகவே பேசினார். வெள்ளையரை இழிவாக எண்ணுகின்றனர் என்று இப்னு பதூதா கொதித்துப்போனார். இந்நாட்டுக்கு வந்ததே பிழை என்று வருந்தினார். பின்னர் விருந்துக்கு அழைத்தனர். இடித்த கம்பில் சிறிது தேனும் பாலும் கலந்து பாதிச் சுரைக்குடுக்கையில் வைத்தனர். இதற்காகவா கறுப்பர் நம்மை அழைத்தார் என்று அவர் உடனிருந்தோரிடம் கேட்க, இதுவே அவர்களிடம் உயர்ந்த விருந்து என்று விடை வந்தது. இவர்களிடம் நன்மை எதிர்பார்ப்பதற்கில்லை என்று முடிவு செய்து திரும்பிவிட நினைத்தார். தலைநகரைப் பார்க்கும் ஆவலே தடுத்தது.

தில்லிப் பாதுஷாவின் பொன் தட்டில் உண்டு பழகிய நாவுக்குக் கம்பங்கூழ் சிறிதாகப்பட்டது போலும். அடுத்தவர் வீட்டு உணவைக் குறை சொல்லலாகாது என்று பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நாம், இவ்விடத்தில் அம்மேதையின் பக்கம் நிற்க இயலாது. இடையில் ஒருவரை வைத்துப் பேசுவது அந்நாட்டில் பெரியோர் அனைவரும் கைக்கொண்ட மரபு. தலைநகரில் மன்னரும் தம் குடிகளிடம் அவ்வாறே பேசினார் என்பதைப் பின்னர் அவரே எழுதியிருக்கிறார். ஆயினும் வலாத்தாவில் தாம் எழுதிய கோபத்தை அவர் அழிக்கவில்லை.

அவ்வூர் மஸூஃபா குலத்தார் முஸ்லிம்கள், ஐவேளைத் தொழுகையை விடாதவர்கள், ஃபிக்ஹு ஓதுபவர்கள், குர்ஆனை மனனம் செய்பவர்கள். ஆனால் சொத்து மகனுக்குச் செல்லாது, சகோதரியின் மகனுக்கே செல்லும். இத்தகைய வழக்கத்தை முன்னர் மலபார்க் கரையில் முஸ்லிமல்லாதாரிடம் மட்டுமே கண்டிருந்த காஜிக்கு இது பெரு வியப்பு. பெண்கள் திரையின்றி அயல் ஆடவரோடு நட்பாகப் பேசியதும் அவருக்குப் பிடிக்கவில்லை. மார்க்கம் ஒரு நாட்டுக்குள் நுழைந்த மறுநாளே அந்நாட்டின் பழைய வழக்கங்கள் அனைத்தும் அகன்றுவிடுவதில்லை என்பதை, ஐம்பது நாள் அங்கு தங்கியதில் அவர் கண்கூடாகக் கண்டார்.

வலாத்தாவிலிருந்து தலைநகர் இருபத்து நான்கு நாள் வழி. துணைக்கூட்டம் வேண்டியதில்லை, அத்துணை அச்சமற்ற பாதை. கட்டுச்சோறும் வேண்டியதில்லை, சிறிது உப்பும் கண்ணாடி மணியும் வாசனைப் பண்டமும் கொண்டு சென்றால், வழியூர்ப் பெண்கள் கம்பும் பாலும் கோழியும் அரிசியும் கொண்டு வந்து மாற்றிக்கொள்வர். வழிநெடுகப் பெருமரங்கள், ஒரு மரத்தின் நிழலில் ஒரு வணிகக்கூட்டமே தங்கலாம். நம் பக்கத்தில் பொந்தன்புளி, பெருக்கமரம் என்று சொல்லும் இனமே அவை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். சிலவற்றின் பொந்தில் மழைநீர் தேங்கிக் கிணறுபோல் நிற்கும். ஒரு மரத்தின் பொந்துக்குள் ஒரு நெசவாளர் தறியை நாட்டி நெய்துகொண்டிருந்தார். இப்னு பதூதா வியந்து நின்றார்.

பின்னர்க் கர்ஸக்கூ என்னும் ஊரில் பேராற்றை அடைந்தார். அது நைஜர் ஆறு; அவரோ அதனை நைல் நதியின் மேற்பகுதி என்றே எண்ணினார். அன்று அறிஞர் பலரும் அவ்வாறே எண்ணினர். ஒரு நாள் இயற்கைத் தேவைக்காக ஆற்றங்கரைக்குச் சென்றார். உள்ளூரார் ஒருவர் வந்து அவருக்கும் ஆற்றுக்கும் நடுவே நின்றார், அகலவில்லை. என்ன வெட்கமற்ற நடத்தை என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டு வந்து ஒருவரிடம் முறையிட்டார். முதலை உம்மைப் பற்றிவிடுமோ என்று அஞ்சியே அம்மனிதர் உமக்கும் ஆற்றுக்கும் நடுவே தம் உடலை வைத்து நின்றார் என்று அவர் விளக்கினார். இப்னு பதூதா இதனை மறைத்திருக்கலாம். அவர் எழுதாவிட்டால் நமக்கு யார் சொல்லப்போகிறார்கள்? தம் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைத் தாமே உலகுக்குச் சொல்லிவிட்டார். நின்றவரின் பெயர் மட்டும் நூலில் இல்லை.

ஜுமாதல் அவ்வல் பிறை 14இல் (1352 ஜூன்) தலைநகரை அடைந்தார். அது எவ்விடத்தில் இருந்தது என்பது இன்றும் ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியது. அந்நகரின் காஜி அப்துர் ரஹ்மான், ஹஜ்ஜு செய்த கருநிறத்து நல்லடியார், ஒரு பசுவை அன்பளிப்பாக அனுப்பினார். அரசவை மொழிபெயர்ப்பாளர் தூகா ஒரு காளையை அனுப்பினார். இப்படி ஊரார் வரிசையாக உபசரித்தனர். வந்த பத்தாம் நாளில் ஒருவகைக் கிழங்கின் களியை உண்டு அறுவர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார், இப்னு பதூதா சுபுஹுத் தொழுகையிலேயே மயங்கி விழுந்தார். ஓர் எகிப்தியர் கொடுத்த மருந்தால் உயிர் தப்பினார். ஆனால் இரண்டு மாதம் நோயாளியாகக் கிடந்தார்.

அப்போது ஆட்சி புரிந்தவர் மன்ஸா மூஸாவின் சகோதரர் மன்ஸா சுலைமான். மன்ஸா என்பது அவர்கள் மொழியில் அரசர் என்பதாம். மன்னரின் பரிசு வருகிறது, எழுந்து நில்லும் என்று காஜியும் பிறரும் விரைந்து வந்து சொல்ல, பட்டாடையும் பொற்காசும் வருமென்று எழுந்து நின்றார் நம் பயணி. வந்தவை மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, ஒரு சுரைக்குடுக்கைத் தயிர். வாய்விட்டுச் சிரித்தார். பின்னர் ரமலானில் அவையில் எழுந்து, தாம் உலக மன்னர் பலரைக் கண்டதாகவும், நான்கு மாதமாகியும் இம்மன்னர் தமக்கு ஒன்றும் வழங்கவில்லை என்றும், பிற நாட்டு அரசரிடம் சென்று இவரைப்பற்றி என்ன சொல்வதென்றும் கேட்டேவிட்டார். மன்னர் சினங்கொள்ளவில்லை. வீடும் செலவுக்குப் பணமும் ஒதுக்கினார். ரமலான் இருபத்தேழாம் இரவு முப்பத்து மூன்றேகால் மிஸ்காலுக்குச் சற்று மிகுதியாகவும், புறப்படும்போது நூறு மிஸ்காலும் வழங்கினார். ஆயினும் மன்ஸா சுலைமான் உலோபி என்றே நூலில் பதிந்துவிட்டது. மார்க்கம் கற்ற ஒருவர் மன்னர் முன் நின்று பரிசு கேட்டது அக்காலத்து வழக்கமே என்று சமாதானம் கூறுவோர் உண்டு. எனக்கு அது உவப்பாக இல்லை.

ஆனால் அந்நோய்ப்படுக்கையும் காத்திருப்பும் வீண்போகவில்லை. எட்டு மாதத்துக்கு மேல் தங்கியதால் அந்நாட்டின் பழைய செய்திகள் அவர் செவிக்கு வந்தன. மன்ஸா மூஸா சிறுவராய், செல்வாக்கின்றி இருந்த காலத்தில், இப்னு ஷைகில் லபன் என்பவர் அவருக்கு ஏழு மிஸ்காலும் மூன்றிலொரு பங்கும் கொடுத்து உதவினார். பல்லாண்டு கழித்து அவர் ஒரு வழக்கோடு அரசவைக்கு வந்தபோது, அரியணையில் இருந்த மூஸா அடையாளம் கண்டு அருகில் அமர்த்தி, அவ்வுதவியை அவையோர் முன் சொல்ல வைத்து, இதற்கு என்ன கைம்மாறு என்று கேட்டார். நன்மைக்குப் பத்து மடங்கு, ஆகவே எழுபது மிஸ்கால் என்றனர் அவையோர். மன்னரோ எழுநூறு மிஸ்காலும் அங்கியும் பணியாட்களும் வழங்கினார். மூஸாவின் முன்னோராகிய ஸாரிக் ஜாத்தா யாருடைய பாட்டனார் கையில் இஸ்லாத்தைத் தழுவினார் என்பதையும் இப்னு பதூதா அங்கே கேட்டறிந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய ஸுன்ஜாத்தாவே இந்த ஜாத்தா என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

மேற்றிசையிலிருந்து வந்த வெள்ளை நிறக் காஜி ஒருவரின் கதையையும் அவர் மறைக்கவில்லை. மன்ஸா மூஸா அவருக்கு நாலாயிரம் மிஸ்கால் வழங்கினார். அது களவுபோயிற்று என்று காஜி முறையிட்டார். மூஸா அவ்வூர்த் தலைவரை அழைத்துத் திருடனைக் கொணராவிடில் உயிர் தப்பாது என்றார். தேடியும் திருடன் இல்லை. திருட்டு அந்நாட்டில் இல்லவேயில்லை. கடைசியில் காஜியின் வீட்டுப் பணிப்பெண் வாயிலாக, அவரே புதைத்து வைத்த பொன் வெளிப்பட்டது. மன்னர் அவரை நாடுகடத்தி நான்கு ஆண்டு கழித்தே மீட்டார்.

இனி இந்நூலில் என்னை நெடுநேரம் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். பெருநாளன்று அசருக்குப்பின் மன்னர் மேடையில் அமர்வார். தூகா, சுரைக்குடுக்கைகள் கீழே தொங்கும் ஓர் இசைக்கருவியை வாசித்துப் பாடுவார். பின்னர் ஜாலிகள் எனப்படும் பாவலர் வருவர். ஒவ்வொருவரும் பறவை இறகுகளால் செய்த வேடத்துக்குள் புகுந்து, சிவந்த அலகுள்ள மரத்தலையை அணிந்து, மன்னர் முன் நின்று பாடுவர். இம்மேடையில் முன்னர் இன்ன மன்னர் இருந்தார், இன்ன நற்செயல் புரிந்தார், பின்னர் இன்னார் இருந்தார், நீரும் உமக்குப்பின் நினைக்கத்தக்க நன்மையைச் செய்யும் என்பது அப்பாட்டின் பொருள். இஸ்லாம் வருமுன்பே இருந்த மரபு இது என்று அவருக்குச் சொன்னார்கள். காஜி அவர்களோ அதனை நகைப்புக்கிடமான கூத்து என்று எழுதி, அந்நாட்டின் குறைகளில் ஒன்றாகவும் சேர்த்துவிட்டார்!

அந்த நாட்டின் வரலாறு ஏட்டில் இல்லை. அப்பாவலரின் நாவில் இருந்தது. தந்தையிடமிருந்து மகன் கேட்டு, பேரனுக்குச் சொல்லி, தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். ஸுன்ஜாத்தாவின் வரலாறு இருபதாம் நூற்றாண்டில் எழுத்திலேறியதும் அவர்களுடைய வழிவந்தோர் சொல்லக் கேட்டே. தேடிச் சென்ற பொருள் இறகு வேடத்தில் எதிரே நின்று பாடியபோது அவர் அதனை அறிந்துகொள்ளவில்லை. ஆனால் பிடிக்காததையும் கண்டவாறே எழுதிவிட்ட அவருடைய வழக்கத்தால், 1352இல் ஜாலிகள் மன்னர் அவையில் என்ன செய்தனர் என்பதை இன்று நாம் அறிகிறோம்.

மாலி மக்களின் நன்மையையும் குறையையும் அவர் தனித்தனியே எழுதினார். பணிப்பெண்கள் ஆடையின்றித் திரிதல், மரியாதைக்காகத் தலையில் புழுதி வாரிக்கொள்ளல், செத்த பிராணியை உண்ணல் முதலியன குறைகள். நன்மைகளோ இவை: அநீதி அங்கு மிகக் குறைவு, அநீதி செய்தோரை மன்னர் மன்னிப்பதில்லை. பயணிக்கும் ஊரில் உள்ளோருக்கும் கள்வர் அச்சமில்லை. அயல்நாட்டார் ஒருவர் அங்கு இறந்தால், அவருடைய செல்வம் எத்துணை பெரிதாயினும், மன்னர் தொடுவதில்லை. உரிய வாரிசு வரும்வரை நம்பிக்கையான ஒருவரிடம் வைப்பர். ஜும்ஆவுக்கு முந்திச் செல்லாதவருக்குப் பள்ளியில் இடமிராது. ஆகவே பையனிடம் விரிப்பைக் கொடுத்து முன்னதாக இடம்பிடிக்க அனுப்புவர். ஒரே ஒரு கிழிந்த சட்டை வைத்திருப்பவரும் வெள்ளியன்று அதனைத் துவைத்தே அணிவார்.

குர்ஆனை மனனம் செய்வதில் அவர்களுக்கிருந்த வேட்கையையும் குறித்தார். பாடத்தில் தவறும் பிள்ளைகளுக்குக் கால்விலங்கு பூட்டுவர். பெருநாளன்று காஜியின் வீட்டுக்குச் சென்றவர், பிள்ளைகள் விலங்கோடிருக்கக் கண்டு, இன்றேனும் அவிழ்க்கலாகாதா என்று கேட்டார். மனனமாகும்வரை இல்லை என்றார் காஜி. முப்பதாண்டு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த எனக்கு இந்த விலங்கில் உடன்பாடில்லை. பெருநாளில் அழும் பிள்ளைக்காகப் பரிந்து பேசிய இப்னு பதூதாவையே இவ்விடத்தில் எனக்குப் பிடிக்கிறது.

ஹிஜ்ரி 754 முஹர்ரம் பிறை 22இல் (1353 பிப்ரவரி) புறப்பட்டார். ஆற்றில் நீர்யானைகளைக் கண்டு யானைகள் என்று மயங்கினார். திம்புக்துவில் இரு கப்ருகளைக் கண்டார். ஒன்று கிரனாடாவிலிருந்து வந்து மன்ஸா மூஸாவிடம் சிறப்புற்றிருந்த கவிஞர் அபூ இஸ்ஹாக் அஸ்ஸாஹிலியினுடையது. மற்றொன்று அலெக்ஸாந்திரியா வணிகர் ஸிராஜுத்தீன் இப்னுல் குவைக்கினுடையது. பொன்னை வாரியிறைத்த மூஸா, திரும்பும்போது கைப்பணம் தீர்ந்து இவ்வணிகரிடம் கடன்பட்டார். அதனை வசூலிக்க மகனோடு பாலையைக் கடந்து வந்தவர் திம்புக்துவில் அஸ்ஸாஹிலியின் விருந்தினராய்த் தங்கிய இரவே இறந்தார். நஞ்சோ என்று ஊர் ஐயுற்றது. நானும் அதே உணவை உண்டேன், தந்தையின் அஜல் முடிந்தது என்று சொல்லி ஐயத்தைத் தீர்த்த மகன், தலைநகர் சென்று கடனைப் பெற்று எகிப்து திரும்பினார்.

பின்னர் ஒற்றை மரத்தில் குடைந்த படகில் ஆற்றோடு சென்று கவ்கவ் நகரை, இன்றைய காவோவை, அடைந்தார். அங்குக் கடையில் புழங்கிய நாணயம் சோழி! மாலத்தீவுக் கடலில் பொறுக்கிக் குழியில் இடுவதைத் தம் கண்ணால் கண்ட அதே சோழிகள், அத்தனை கடலும் பாலையும் தாண்டி ஒரு பொற்காசுக்கு 1150 என்ற கணக்கில் அங்கு மாறிக்கொண்டிருந்தன. அதன் இரு முனையையும் நேரிற் கண்டவர் அவர்.

செப்புச் சுரங்கங்கள் உள்ள தகத்தாவில் இருந்தபோது, திரும்பி வருமாறு சுல்தான் அபூ இனானின் ஆணை வந்தது. ஷஃபான் பிறை 11இல் (1353 செப்டம்பர்) அவர் சேர்ந்து சென்ற கூட்டத்தில் அறுநூறு அடிமைப் பெண்கள் நடத்திச் செல்லப்பட்டனர். ஒரு வரியில் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அப்பால் செல்கிறார். ஈக்களுக்கும் தேளுக்கும் அவர் செலவிட்ட சொற்கள்கூட அப்பெண்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுள் எத்தனை பேர் பாலையைக் கடந்தனரோ, அல்லாஹ்வே அறிவான். துவாத் வழியாக ஸிஜில்மாஸா வந்து, அட்லாஸ் மலையின் கடும் பனியில் நடுங்கி, 1354 தொடக்கத்தில் ஃபாஸ் நகரை அடைந்தார்.

சுல்தானின் கட்டளைப்படி அவர் நினைவிலிருந்து சொல்ல, அரசவை எழுத்தர் இப்னு ஜுஸய் எழுதினார். 1355 டிசம்பரில் சொல்லி முடித்தார். இந்தியாவைப் பற்றி அவர் சொன்னவற்றை ஃபாஸ் அரசவையில் பலர் நம்பவில்லை. பொய்யுரைக்கிறார் என்று காதோடு காது பேசினர். வரலாற்றறிஞர் இப்னு கல்தூனும் முதலில் ஐயுற்று, அமைச்சர் இப்னு வத்ராரிடம் அதனைச் சொன்னார். நேரில் காணாத காரணத்தால் ஒன்றை மறுக்கலாகாது என்று அமைச்சர் திருத்தினார். சிறையிலேயே வளர்ந்து எலியைத் தவிர வேறு விலங்கைக் காணாத சிறுவன், தந்தை ஆட்டைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எலியைப் போன்றதா என்று கேட்ட கதையை அவர் எடுத்துக்காட்டினார். பின்னாளில் மாலி மன்னரின் வரிசையை விரிவாக எழுதியவரும் அதே இப்னு கல்தூன்தான்.

இப்னு பதூதா மொரோக்கோவின் ஒரு பகுதியில் காஜியாகப் பணியாற்றி, ஹிஜ்ரி 770இல் (1368-69) வபாத்தானார். நூல் வட ஆப்பிரிக்கக் கையெழுத்துப் பிரதிகளில் உறங்கிக் கிடந்தது. 1853 முதல் 1858 வரை பாரிஸில் நான்கு தொகுதிகளாக அச்சேறிய பின்னரே உலகம் அதனைப் பரவலாகப் படித்தது. தகாஸாவைப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மக்கள் கைவிட்டுத் தெற்கே தவ்தேனிக்குச் சென்றனர். அங்கிருந்து இருபதாம் நூற்றாண்டிலும் உப்புப் பலகைகள் ஒட்டகத்தின் மேல் திம்புக்துவுக்கு வந்துகொண்டிருந்தன. அந்நூற்றாண்டில் தகாஸாவுக்குச் சென்ற ஆய்வாளர், அவர் எழுதியிருந்த உப்புச் சுவர்களின் சிதைவுகளை மணலிடையே கண்டனர்.